பத்திரம் பத்திரம்!

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முலுண்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பதி வீட்டுக்கு வந்தார்கள். பூர்வீகம் கும்பகோணம் பக்கம். பன்னிரண்டு வருடமாக மும்பை. டோம்பிவிலியில் ஒரு பழைய ஃப்ளாட் பார்த்து, 51,000 ரூபாய் டோக்கனும் கொடுத்துவிட்டார்கள். கையோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள். எல்லாமே ஜெராக்ஸ்.

"ஒரிஜினல் எங்கே?" என்று கேட்டேன்.

"2005 ஜூலை வெள்ளத்துல போயிடுச்சாம் அண்ணா. சர்டிஃபைட் காப்பி எடுத்துத் தர்றேன்னு சொல்றார். எப்படியும் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவாகத்தானே போகுது, அப்புறம் என்ன பயம்?" என்றார் அந்தப் பெண்மணி.

இந்தக் கேள்வியை வங்கி வேலையில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "உங்க லாயர் ஏன் முப்பது வருஷக் கதை கேட்கிறார்?", "ஒரிஜினலை ஏன் பாங்க் பிடுங்கி வச்சுக்குது?", "ஊர்ல பத்திரம் எழுதுறவரே எல்லாம் பார்த்துடுவாரே, இங்கே ஏன் சொலிசிட்டர்?" என்பவையும் அதோடு சேர்ந்தே வரும். கவுண்டரில் நின்றபடி இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நூறு, இருநூறு வருடக் கதை இருக்கிறது. நான் வக்கீல் அல்ல, பி.காம். படித்துவிட்டு வங்கிக்கு வந்தவன். இத்தனை வருடம் மற்றவர்களுடைய பத்திரங்களைப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சொலிசிட்டரா, வக்கீலா, பத்திர எழுத்தரா?

தமிழ்நாட்டில் வீடு வாங்குபவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருக்கும் பத்திர எழுத்தர். அவர் சும்மா உட்கார்ந்திருப்பவர் அல்ல, உரிமம் பெற்றவர். 1982ஆம் வருடத்திய ஆவண எழுத்தர் உரிம விதிகள் என்றே தனியாக உண்டு. முத்திரைத்தாள், வாசகம், நான்கெல்லை, சாட்சி எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் விற்பவருக்கு அந்தச் சொத்து உண்மையில் சொந்தமா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை அல்ல. நம்மில் பாதிப் பேர் இடறுவது இங்கேதான்.

மும்பையில் 'சொலிசிட்டர்' என்ற சொல் காதில் விழுவதற்குக் காரணம் பழைய பிரிட்டிஷ் ஏற்பாடு. 1824இல் பம்பாயில் சுப்ரீம் கோர்ட் திறக்கப்பட்டது, 1862இல் அதன் இடத்துக்கு ஹைகோர்ட் வந்தது. இங்கிலாந்தில் போலவே இங்கும் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. கோர்ட்டில் எழுந்து வாதாடுபவர் ஒருவர், கட்சிக்காரரைச் சந்தித்துக் காகிதங்களைத் தயார் செய்யும் அட்டர்னி இன்னொருவர். சொத்து கை மாறும்போது உரிமையை ஆராய்வது, ஆவணம் வரைவது எல்லாம் அட்டர்னியின் தொழில். சொலிசிட்டர் என்றாலும் அவர்தான். 1894இல் அவர்களுக்கென்று பம்பாய் இன்கார்ப்பரேட்டட் லா சொசைட்டி அமைந்தது.

1976ஆம் வருடத் திருத்தத்தின்படி, 1977 ஜனவரி 1 முதல் அட்டர்னி என்ற தனிப்பிரிவு சட்டத்தில் இல்லாமல் போய், எல்லோரும் அட்வகேட் ஆனார்கள். இருந்தாலும் அந்தச் சொசைட்டி நடத்தும் சொலிசிட்டர் தேர்வுக்கு இங்கே மதிப்பு குறையவில்லை. ஆக, சொலிசிட்டர் என்று போர்டு போட்டிருந்தால்தான் நல்லவர் என்றில்லை. சொத்து ஆவணங்களைப் படித்துப் பழகிய, விற்பவரோடும் பில்டரோடும் புரோக்கரோடும் சம்பந்தமில்லாத ஒரு வக்கீல் போதும். வங்கியின் வக்கீல் பார்க்கிறாரே என்று இருந்துவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. பத்து லட்சம் கடன், முப்பது லட்சம் உங்கள் சேமிப்பு என்றால் யாருக்கு அதிகக் கவலை இருக்க வேண்டும்?

பதிவாகிவிட்டால் சொந்தமாகிவிடுமா?

ஆகாது. கசப்பான உண்மை இது.

சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவுக்கான ஒழுங்குமுறை 1802லேயே வந்துவிட்டது. நாடு முழுவதற்குமான பதிவுச் சட்டம் 1864இல் வந்து, 1866, 1871, 1877 என்று மாறி மாறி, கடைசியில் 1908ஆம் வருடத்திய பதிவுச் சட்டமாக நின்றது. இடையில் 1882இல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரம் மூலமே விற்க முடியும் என்று சொன்னது இதுதான். (வேடிக்கை என்னவென்றால் இந்தச் சட்டம் முதலில் பம்பாய் மாகாணத்துக்குப் பொருந்தவில்லை. இங்கே 1893இல்தான் வந்தது.)

இந்தச் சட்டங்களின் நோக்கம், யாரும் தெரியாமல் விற்றுவிட முடியாதபடி பத்திரத்தை ஊரறியப் பதிந்து வைப்பது. பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. ஒரு ஆள் வந்தார், இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதாக ஒப்புக்கொண்டார் என்பதற்குத்தான் அந்த முத்திரை சாட்சி. அவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அல்ல.

இதற்கு நேர்மாறான ஒரு முறை தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858இல் தொடங்கியது. ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்ததால் டாரன்ஸ் முறை என்பார்கள். அங்கே அரசின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அதற்கு அரசே பொறுப்பு. நம் நாட்டில் அப்படி இல்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் பதிவு விதி 55ஏ பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே திருப்பிச் சொன்னது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 1908ஆம் வருடச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்று கூறி, விற்பவர் மூலப்பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்ற அந்த விதியின் பகுதியை ரத்து செய்தது. அதாவது, பார்க்க வேண்டிய பொறுப்பு வாங்குபவர் தலையில்.

ஏன் முப்பது வருடம்?

யாரோ வக்கீல் ஃபீஸுக்காகக் கண்டுபிடித்த கணக்கு என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். காரணம் காலவரையறைச் சட்டத்தில் இருக்கிறது. 1908ஆம் வருடச் சட்டப்படி, அடமானம் வைத்தவர் சொத்தை மீட்க 60 வருடம் வரை வழக்குப் போடலாம். 1963ஆம் வருடச் சட்டம் அதை 30 ஆக்கியது. அரசாங்கம் வழக்குப் போடும் காலமும் அதேபோல 60லிருந்து 30 ஆனது. எனவே முப்பது வருடம் பின்னால் போய்ப் பார்த்தால், பழைய ஆட்கள் எழுந்து வந்து கேட்கும் அபாயம் பெரும்பாலும் தீர்ந்தது என்று கணக்கு.

இங்கிலாந்திலும் இதே மாதிரி 60 வருடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1874இல் அதை 40 ஆக்கினார்கள், 1925இல் 30, 1969இல் 15. பதிவேடு நம்பகமாக ஆக ஆக, பின்னோக்கிப் பார்க்கும் தூரம் குறையும். நாம் இன்னும் முப்பதிலேயே நிற்கிறோம் என்பது நம் பதிவேட்டைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது.

ஊரில் இதற்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். மகாராஷ்டிராவில் வக்கீலோ அவருடைய ஆளோ சார்பதிவாளர் அலுவலகத்தின் 'இண்டெக்ஸ் டூ' பதிவேடுகளை வருடம் வருடமாகப் புரட்டி, 'சர்ச் ரிப்போர்ட்' தருவார். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. இரண்டுக்கும் ஒரே பலவீனம்: பதிவாகாதது அதில் தெரியாது.

ஒரிஜினல் எதற்கு?

இனி வங்கிக்காரனாக எனக்கு மிகவும் பிடித்த கதை.

1783இல் லண்டனில் ரஸ்ஸல் எதிர் ரஸ்ஸல் என்று ஒரு வழக்கு. கடன் வாங்கியவர் தன் குத்தகைப் பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்திருந்தார். பிறகு திவாலானார். அடமானப் பத்திரம் என்று எதுவும் எழுதப்படவில்லை. ஆனாலும் ஈடாகத்தான் கொடுத்தார் என்று சான்சரி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நிலம் சம்பந்தமானவை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1677லேயே சட்டம் இருந்த நாட்டில், காகிதத்தைக் கையில் கொடுத்தாலே அடமானம் என்று ஆகிவிட்டது.

வியாபாரிகளுக்கு இது மிக வசதி. முத்திரைச் செலவு இல்லை, ஊருக்குத் தெரியாது, ஒரே நாளில் பணம். எனவே இந்தியாவின் துறைமுக நகரங்களிலும் வழக்கமானது. 1882ஆம் வருடச் சட்டம் எழுதியவர்கள் அதைத் தடுக்கவில்லை. கல்கத்தா, சென்னை, பம்பாய், கராச்சி, ரங்கூன் ஆகிய நகரங்களில் மட்டும் செல்லும் என்று விட்டுவைத்தார்கள். இன்றைய சட்டத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்றும் பெயர் சொல்லி நிற்கின்றன. மற்ற ஊர்களை மாநில அரசு அறிவிக்கை மூலம் சேர்த்துக்கொள்ளலாம். சொத்து அந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதில்லை, பத்திரத்தை ஒப்படைப்பது அங்கே நடந்தால் போதும். தன் ஊர் அறிவிக்கையில் சேராத காலத்தில், வயலும் வீடும் ஊரில் இருக்க, பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்கள் ரயிலேறி சென்னைக்கு வந்ததாக எங்கள் பழைய மேலாளர்கள் சொல்வார்கள்.

வீட்டுக்கடன் வாங்கிய நண்பர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஒரு நாள் வந்து பத்திரங்களை ஒப்படைத்திருப்பீர்கள். வங்கி எழுதும் குறிப்பு மறுநாள் தேதியில், "நேற்று நேரில் வந்து ஒப்படைத்தார்" என்று இறந்தகாலத்தில் இருக்கும். பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். ஒப்படைத்ததே அடமானம், காகிதம் வெறும் ஞாபகக் குறிப்பு என்றால் பதிவு தேவையில்லை. அந்தக் காகிதமே ஒப்பந்தமாக இருந்தால் பதிவு செய்தாக வேண்டும். 1950லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. ஒரே ஒரு வினைச்சொல்லின் காலத்தில் கோடிக்கணக்கான ரூபாய் தொங்குகிறது.

இங்கிலாந்தோ இந்த முறையைக் கைவிட்டுவிட்டது. 1989இல் வந்த சட்டப்படி நிலம் பற்றிய ஒப்பந்தம் எழுத்தில், இருவர் கையெழுத்தோடு இருந்தாக வேண்டும். அதோடு வெறும் ஒப்படைப்பின் கதை முடிந்தது. அவர்கள் இறக்கி வைத்ததை நாம் சுமந்துகொண்டிருக்கிறோம்.

சுமப்பதில் ஆபத்து இருக்கிறது. பத்திரம் எங்கேயோ ஒரு பெட்டகத்தில் இருக்கும், பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது. போலிப் பத்திரம் தயாரித்து ஒரே சொத்தை நாலு வங்கியில் வைத்த மோசடிகள் நடந்த பிறகு, 2011இல் 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவேடு வந்தது. மகாராஷ்டிராவில் இப்படிப்பட்ட அடமானத்துக்கு சார்பதிவாளரிடம் அறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி 2013இல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தையவை? அங்கேதான் ஒரிஜினல் எங்கே என்ற கேள்வி வருகிறது. ஒரிஜினல் விற்பவர் கையில் இல்லை என்றால், அது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ரங்கூன் பெட்டி

மேலே ரங்கூன் என்று எழுதினேன். எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். அம்மா வழித் தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர்.

நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்தது செட்டியார்கள், ஈடு நிலம். 1930களில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், நிலம் கைக்கு வந்தது. பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது, 1930களின் கடைசியில் 25 சதவீதம். வட்டிக்காரருக்கு நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும். ஆனால் வந்தது நிலம், கூடவே அந்த நாட்டு மக்களின் கோபமும். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது ஓடி வந்தார்கள். 1948இல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது.

முதலாளி வீட்டு ரெட்டைப் பூட்டு மரப்பெட்டி நிறையப் பர்மா பத்திரங்கள் இருந்ததாகத் தாத்தா சொல்வாராம். ஒவ்வொன்றும் முத்திரை, கையெழுத்து, பதிவு எண் என்று அப்பழுக்கில்லாதவை. "எல்லாம் சரியா இருந்துச்சு, சொத்து மட்டும்தான் இல்லை" என்பாராம். காகிதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு அரசும், அதை ஒப்புக்கொள்ளும் ஜனங்களும் இருக்க வேண்டும். பத்திரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வரும்.

மும்பை ஃப்ளாட்டின் பத்திரம்

ஊரில் அடுக்ககம் வாங்கினால் பிரிபடாத மனைப்பங்குக்குக் கிரயப் பத்திரம் கிடைக்கும். யுடிஎஸ் என்போமே, அதுதான். இங்கே வந்ததும் நம்மவர்கள் அதையே தேடுவார்கள். கிடைக்காது.

இங்கே வழி வேறு. 1963இல் வந்த மகாராஷ்டிர அடுக்கக உடைமைச் சட்டப்படி பில்டர் உங்களோடு பதிவு செய்த ஒப்பந்தம் போட வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைப்பார்கள். நிலத்தை பில்டர் சங்கத்தின் பெயருக்கு எழுதித் தர வேண்டும். உங்கள் கையில் இருப்பவை அந்த ஒப்பந்தமும், சங்கத்தின் பங்குச் சான்றிதழும். பல பில்டர்கள் நிலத்தை எழுதித் தராமலே காலம் கடத்தியதால், 2008இல் சட்டத்தைத் திருத்தி, அவர்கள் வராவிட்டாலும் அதிகாரி மூலம் சங்கம் உரிமை பெற வழி செய்தார்கள். 'டீம்டு கன்வேயன்ஸ்' என்று நோட்டீஸ் போர்டில் பார்த்திருப்பீர்கள்.

எனவே மறுவிற்பனை ஃப்ளாட்டில் பார்க்க வேண்டியது ஒரு சங்கிலி. பில்டரிடமிருந்து முதல் ஆள், அவரிடமிருந்து இரண்டாம் ஆள் என்று ஒவ்வொரு ஒப்பந்தமும் ஒரிஜினலாக, பதிவு ரசீதோடு. நடுவில் ஒரு கண்ணி இல்லையென்றால் அதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டும்.

வெள்ளத்தில் போனது

முலுண்ட் தம்பதிக்கு வருவோம். 2005 ஜூலை 26 வெள்ளம் நிஜம். சான்டாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எத்தனையோ வீடுகளில் காகிதங்கள் நிஜமாகவே போயின. எனவே விற்பவரைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. முறைப்படி செய்யச் சொல்லுங்கள் என்றேன்: போலீஸில் புகார், சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகல், சங்கத்தின் கடிதம், எல்லாவற்றுக்கும் மேல் உங்கள் வக்கீல் பெயரில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு மராத்திப் பத்திரிகையிலும் 14 நாள் கெடு வைத்து பொது அறிவிப்பு.

அவர் கணவர் தயங்கினார். "விளம்பரச் செலவு, வக்கீல் செலவு எல்லாம் சேர்த்தா இருபதாயிரம் ஆகும் போல இருக்கு சார். வீட்டுக்காரரும் சந்தேகப்படறோம்னு கோவிச்சுக்குவார்" என்றார். கோபித்துக்கொள்ளட்டும், ஆனால் பதினைந்து வருடத் தவணை கட்டப்போவது நீங்கள் என்றேன். அந்தப் பெண்மணிதான் முடிவெடுத்தார். கையில் போட்டிருந்த வளையல் ஒன்றைக் காட்டி, "வீட்டுக்காக இதுவும் போகப்போகுது. அதோட இதையும் சேர்த்துக்கலாம்" என்றார்.

அறிவிப்பு வந்த ஒன்பதாவது நாள் வக்கீலுக்கு ஒரு பதிவுத் தபால். ஒரு சிறிய கடன் சங்கத்திடமிருந்து. இந்த ஃப்ளாட்டின் ஒரிஜினல் ஒப்பந்தங்கள் இரண்டும் எங்களிடம் இருக்கின்றன, உரிமையாளர் கடைக்காகக் கடன் வாங்கியபோது 2011இல் ஒப்படைத்தார், பாக்கியை அவ்வப்போது எழுத்தில் ஒப்புக்கொண்டு வருகிறார், கடன் இன்னும் தீரவில்லை என்று.

2005 வெள்ளத்தில் போன பத்திரம் 2011இல் நடந்து வந்து கடன் வாங்கியிருக்கிறது!

இண்டெக்ஸ் டூவில் இது இல்லை, ஏனென்றால் 2013க்கு முந்தையது. வங்கி அல்லாத சிறு சங்கம் என்பதால் செர்சாயிலும் இல்லை. ஒரிஜினல் எங்கே என்று ஊரைக் கூட்டிக் கேட்டதால் மட்டுமே தெரிந்தது. டோக்கன் பணம் இரண்டு தவணையாகத் திரும்பி வந்தது. அவர்கள் இப்போதும் முலுண்டில் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வளையல் கையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று

கடன் தீர்ந்ததும் பத்திரங்களைத் திரும்ப வாங்க மறந்துவிடாதீர்கள். தவணை முடிந்து வருடக்கணக்காக வாங்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் ஒரிஜினல்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை. கடன் வாங்கும்போது ஒப்படைத்த பட்டியலின் நகலை வைத்திருங்கள். அதை வைத்து ஒவ்வொரு காகிதமாக டிக் அடித்து வாங்குங்கள். பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்தை அதற்குப் பிறகு போடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். ஊரில் பெரியவர்கள் ரயிலேற்றி அனுப்பும்போது சொல்வார்களே, "பத்திரமா பார்த்துக்கோ" என்று. பத்திரத்துக்கும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.